வழுக்கிய நாலாவது சுரம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. எழுதுகிறவன் தன் தலையில் தானே கைவைத்துச் செய்த சத்தியம் இது. வேறு யாரும் தலையைக் கொடுக்க முன்வரவில்லை. ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் வாயில் மிச்சமிருக்கும் பல்லெல்லாம் இன்றைக்கே உதிரட்டும்.

அந்த மனிதருக்கு ஆபீசில் அரைப்புள்ளி என்று பெயர். புரோகிராம் எழுதுவது தொழில். வேலைக்கு வந்த புதிதில் ஒரு வரியின் கடைசியில் அரைப்புள்ளி வைக்க மறந்ததில், ஒரு தொழிற்சாலை முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு நின்றதாம். அதனால் வந்த பெயர் என்பார்கள். அவருடைய அக்கா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், சொல்கிற காரணம் வேறு.

"முற்றுப்புள்ளின்னா கதை முடிஞ்சுது. கமான்னா இன்னும் வருது. இவன் ரெண்டும் இல்லை. நிக்கவும் மாட்டான், நகரவும் மாட்டான். வேற என்ன பேர் வைப்பாங்க?"

அரைப்புள்ளிக்கு உலகத்துச் சாமான்கள் எல்லாவற்றைப் பற்றியும் ஒரு கருத்து உண்டு. கேட்காமலே சொல்வார், கேட்டால் இரண்டு மடங்கு சொல்வார். பொத்தான் என்றால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும், விட்டால் திரும்பி வர வேண்டும். தொடுதிரையில் போனது போனதுதான், எதுவும் திரும்பி வருவதில்லை என்பார். புத்திசாலிக் குளிர்பெட்டியைப் பற்றிக் கேட்டால், "பால் தீர்ந்துபோச்சுன்னு போனுக்குச் செய்தி அனுப்புது. யாரு தீர்த்தாங்கன்னு சொல்லட்டும், அப்புறம் புத்திசாலின்னு ஒத்துக்கறேன்" என்பார். எழுந்து நட, தண்ணீர் குடி என்று அதட்டுகிற கைக்கடிகாரத்தைக் காட்டினால், "மணி பார்க்க வாங்கினா மாமியார் வந்து சேர்ந்திருக்கா" என்பார். கைப்பேசியில் ஒரு எழுத்தைத் தொட்டதுமே மீதிச் சொல்லை அதுவே முடித்துவைக்கிறதே, அதில்தான் அவருக்கு உண்மையான கோபம். "நான் 'வ'ன்னு ஆரம்பிச்சா 'வணக்கம்'னு முடிக்குது. நான் 'வருத்தம்'னு எழுத வந்திருப்பேன். அதுக்கு எப்படித் தெரியும்?"

அப்டேட் என்ற சொல்லை அவர் முன்னால் சொல்லவே கூடாது. "நாம தூங்கறப்ப ஒருத்தன் வீட்டுக்குள்ள பூந்து, நாற்காலி மேசையெல்லாம் இடம் மாத்திட்டு, 'இப்ப இன்னும் வசதியா இருக்கு பாருங்க'ன்னு சீட்டு எழுதி வெச்சுட்டுப் போறான். அவன் பேர் திருடன் இல்லையாம். அப்டேட்டாம்."

எல்லாவற்றுக்கும் மேலே அவருடைய மூலக்கொள்கை ஒன்று. நல்ல சாமான் வாய் திறக்காது. ஒரு விளக்கு எரியணும், அணையணும், அதற்கு மேல் மனிதனோடு அதற்கு என்ன பேச்சு என்பார்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு வாஷிங் மெஷினைப் பாட வைத்தார் என்றால், அதற்குப் பின்னால் ஒருத்தி இல்லாமல் இருக்க முடியுமா?

அவர் வேலை பார்த்ததே வாஷிங் மெஷின் செய்கிற கம்பெனியில்தான். எப்போது தண்ணீர் பிடிப்பது, எப்போது சுற்றுவது, எப்போது போதும் என்று நிறுத்துவது என்று மெஷினின் மூளைக்குச் சொல்லிக்கொடுப்பவர் அவர். மேல்மாடியில் மேசை. மேசைக்குப் பின்னால் சோதனை மெஷின்கள் வரிசையாக நின்று முனகிக்கொண்டிருக்கும். அவற்றில் துவைப்பதற்கென்றே கொஞ்சம் வெள்ளைத் துண்டுகள் உண்டு. அழுக்கே படாமல் ஆயிரம் தரம் துவைபட்டு, பிடித்துப் பார்த்தால் அந்தப் பக்கம் நிற்கிறவர் முகம் தெரிகிற அளவுக்கு நைந்துபோன துண்டுகள். அப்படி ஒரு துண்டை அரைப்புள்ளி உதறியபோதுதான் அந்தப் பக்கத்தில் ஒரு முகம் தெரிந்தது.

சோதனைப் பிரிவுக்குப் புதிதாக வந்தவள். அரைப்புள்ளி எழுதுவதில் தப்புக் கண்டுபிடிப்பது அவளுக்குச் சம்பளம் கொடுத்து ஒப்படைத்த வேலை. வந்த வேகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்துவிட்டார்கள். தடித்த கண்ணாடி போட்டிருப்பாள், அது ஒரு காரணம். இருக்கிற தப்பை மட்டுமல்ல, இனிமேல் வரப்போகிற தப்பையும் சேர்த்துப் பிடிப்பாள் என்பது இன்னொரு காரணம். தப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா போவது என்பது அவள் உடம்பிலேயே கிடையாது. கேன்டீன் பலகையில் எழுத்துப்பிழை இருந்தால் திருத்திவிட்டுத்தான் தட்டை எடுப்பாள்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சோதிக்கிறவர் தப்பு இருக்கிறது என்பார். எழுதினவர், "என் மேசையில சரியாத்தான் ஓடுது" என்பார். அதைச் சொல்லிவிட்டால், சோதிக்கிறவர் நேரில் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கண் முன்னால் அந்தத் தப்பை நடத்திக் காட்டியாக வேண்டும். உலகத்திலுள்ள புரோகிராமர்கள் எல்லோரும் வேலையைத் தட்டிக்கழிக்கச் சொல்கிற வாக்கியம் அது. அரைப்புள்ளி ஒருவர்தான் அதை நாற்காலி இழுத்துப் போடுவதற்குச் சொன்னார்.

நல்ல புரோகிராமர் தப்பில்லாமல் எழுதுவார். அரைப்புள்ளி அதைவிட நல்லவர். வேண்டிய இடத்தில் வேண்டிய தப்பை வைத்து எழுதுவார். செவ்வாய்க்கிழமை மட்டும் பின்பக்கமாகச் சுற்றும் ஒரு மெஷின். வலது கால் உறையைத் துவைத்து இடது கால் உறையைத் துவைக்காமல் விடும் ஒரு மெஷின். ஒருமுறை கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது. சுற்றும் வேகத்தில் ஒரு பூஜ்யத்தைக் கூட்டி வைத்தார். சோதனை மெஷின் ஒன்று கிளம்பி, குதித்துக் குதித்து, கணக்குப் பிரிவு வழியாக நடந்து போய், லிஃப்ட் வாசலில் நின்றது. கணக்குப் பிரிவில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். பொத்தானை அது அழுத்தவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

பூதக்கண்ணாடி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இதுவும் உங்க மேசையில சரியாத்தான் ஓடுதா?"

"என் மேசையில நடக்கவே இல்லையே."

"நடக்கலைன்னா நல்லதுதான். மெஷின் நடக்கக்கூடாது" என்றாள், சிரிக்காமல்.

அந்தக் கட்டடத்து லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நிற்கும்போது ஏழு சுரத்தில் ஒரு சின்ன மெட்டு வாசிக்கும். கம்பெனியின் மெட்டு அது. போனில் காத்திருக்கச் சொன்னாலும் அதுதான், விளம்பரத்திலும் அதுதான். பக்கத்தில் உட்கார்ந்து தப்பைத் தேடும்போது அவள் அதை முணுமுணுப்பாள். நாலாவது சுரத்தில் வழுக்குவாள். படி இறங்குகிறவள் ஒரு படியைத் தவறவிட்டு, கைப்பிடியைப் பிடித்து, ஒன்றுமே நடக்காத மாதிரி மேலே நடப்பாளே, அப்படி. அது அவளுக்குத் தெரியாது. ஊரார் தப்பையெல்லாம் பிடிக்கிறவளிடம் இருந்த ஒரே தப்பு அதுதான். அரைப்புள்ளி அதை யாரிடமும் சொல்லவில்லை. அவளிடமும் சொல்லவில்லை. அந்த நாலாவது சுரம் வருவதற்காகவே கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டுக் காத்திருப்பார்.

இப்படியே எத்தனை நாள் ஓடும்? ஒருநாள், அவர் வைக்காத ஒரு தப்பைக் கண்டுபிடித்துக்கொண்டு அவள் வந்தாள். மெஷினின் சின்னத் திரையில் ஒரு கேள்வி வரும்: 'கதவைத் திறக்கலாமா?' பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். பூதக்கண்ணாடி இரண்டையும் அழுத்தாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"யாரும் பதில் சொல்லலைன்னா இது என்ன பண்ணும்?"

"காத்திருக்கும்."

"எவ்வளவு நாள்?"

"பதில் வர்ற வரைக்கும்."

"வரவே இல்லைன்னா?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "கேள்வியைக் கேட்டுட்டு அப்படியே நிக்குது. எதிர்ல ஆள் இருக்காங்க. அவங்களும் பேசமாட்டேங்கறாங்க. பாவமா இல்லையா உங்களுக்கு?"

அரைப்புள்ளி யோசித்தார். அவர் மூளை யோசித்தால் ஆழமாகத்தான் யோசிக்கும். எங்கே தோண்டுவது என்பதில்தான் கோளாறு.

"நீங்க சொல்றது ரொம்ப சரி. நான் கவனிக்கவே இல்லை. ஒரு கெடு வெச்சுடறேன். கொஞ்ச நேரம் பார்க்கும். பதில் வரலைன்னா 'இல்லை'ன்னு எடுத்துக்கிட்டு, அதுவே மூடிக்கும்."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"இதுதான் உங்க முடிவா?"

"வேற என்ன பண்றது? ஒண்ணைக் காலம்பூரா நிக்க வைக்கறது தப்பான டிசைன்."

"சரி" என்றாள். "அப்போ மூடிடலாம்."

தப்பு தீர்ந்தது என்றால் 'மூடிவிட்டோம்' என்பது அந்தத் தொழில் பேச்சு. அரைப்புள்ளி அன்றைக்கே கெடு வைத்தார். மிக அழகாக, நாலே வரியில் எழுதினார். அந்த மாதக் கடைசியில் வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது என்று அவள் புறப்பட்டாள். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கடைசியில் அவர் மேசைக்கு வந்தாள்.

"வரேன்" என்றாள்.

போகிறவர்கள் 'போறேன்' என்று சொல்ல மாட்டார்கள், 'வரேன்' என்றுதான் சொல்வார்கள் என்பது பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். ஆனால் புரோகிராம் எழுதுகிறவர் எழுதியிருப்பதைத்தான் எடுத்துக்கொள்வார். வரேன் என்றால் வருவாள். எப்போது என்று அவள் சொல்லவில்லை. ஆகவே கெடு கிடையாது. லிஃப்ட் மெட்டை வாசித்து அவளைக் கீழே இறக்கிக்கொண்டு போனது. ஒரு தப்பும் இல்லாமல் வாசித்தது.

கொஞ்ச வருஷம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது நல்ல டிசைன் எது, கெட்ட டிசைன் எது என்று அக்காவுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தவர், உதாரணத்துக்கு இந்தக் கெடு வைத்த கதையைச் சொன்னார். அக்காவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"அந்தப் பொண்ணு மெஷினைப் பத்தியாடா கேட்டா?"

"பின்னே எதைப் பத்தி?"

"கேட்டுட்டு உன் மூஞ்சியைப் பார்த்தாளா, மெஷினைப் பார்த்தாளா?"

அரைப்புள்ளி சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"மண்ணாந்தை" என்றாள் அக்கா, மெதுவாக, திட்டுகிற குரலில் இல்லை. "உனக்குப் போய் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன் பாரு."

அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. போன கம்பெனியிலிருந்தும் போய்விட்டிருந்தாள். அந்தச் சமயத்தில்தான் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது: புது மாடல் மெஷின் துவைத்து முடித்ததும் கம்பெனி மெட்டை வாசிக்க வேண்டும். சாமான் வாய் திறக்கக் கூடாது என்று வாழ்ந்த மனிதர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. உட்கார்ந்து எழுதினார். நாலாவது சுரம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு, காதுக்குள் இருந்ததை அப்படியே இறக்கி வைத்தார்.

புதிதாக வந்திருந்த சோதனைக்காரர்கள் ஓடி வந்தார்கள். நாலாவது சுரம் தப்பு என்றார்கள்.

"தப்பில்லை. டிசைன்" என்றார் அரைப்புள்ளி.

டிசைன் என்று சொல்லிவிட்டால் அதில் யாரும் கைவைக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் இன்னொரு வழக்கம். மெஷின்கள் லாரி ஏறிப் போயின. எந்த ஊரிலாவது, ஏதாவது ஒரு வீட்டில், அவளும் ஒன்று வாங்காமலா இருப்பாள்? துணி துவைத்து முடியும். மெட்டு வரும். நாலாவது சுரம் வழுக்கும். கேட்டதும் தெரிந்துகொள்வாள் என்று இருந்தார்.

மெஷின் நன்றாக விற்றது. அதுதான் வினையாயிற்று. வீட்டுக்கு வீடு தினமும் வழுக்கல் மெட்டு கேட்டுக் கேட்டு, ஜனங்கள் வாயில் அதுவே ஒட்டிக்கொண்டது. முடி வெட்டுகிறவர் முணுமுணுத்தார். நாலாவது சுரத்தில் கத்திரியும் சேர்ந்து வழுக்கியதால் அந்த வருஷம் பாதிப் பேர் இடது காதுக்கு மேல் ஒரு மாதிரியாகத் திரிந்தார்கள். பல் டாக்டர் முணுமுணுத்தார். வலித்தவர்கள் அதே மெட்டில் அழுதார்கள். பிறந்த பிள்ளையின் முதல் அழுகையே நாலாவது இடத்தில் வழுக்குகிறது என்று நர்ஸ்கள் பேசிக்கொண்டார்கள். மைனாக்கள் கற்றுக்கொண்டதுதான் பெரிய தொல்லை. மைனா பாடினால் துவைத்து முடிந்துவிட்டது என்று நினைத்து வீட்டுக்காரர்கள் ஓடிப்போய் மெஷினைத் திறப்பார்கள். ஒரு தெருவில் மைனாக்கள் கூடிப் பேசி வைத்துக்கொண்டு காலையில் பாடியதில், தெருவே சோப்பு நுரையில் மிதந்தது. நாய்கள் எல்லாம் வெளுத்துவிட்டன.

அரைப்புள்ளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போகிற இடமெல்லாம் அவள் குரல்.

ஒருநாள் காய்கறிக் கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். மெதுவாக, யோசனையாக, தப்பைத் தேடுகிறவள் முணுமுணுப்பது போலவே. நாலாவது சுரம் வழுக்கி, கைப்பிடியைப் பிடித்து, நிமிர்ந்தது. தக்காளி கையிலேயே நசுங்கியது. திரும்பிப் பார்த்தார். கத்திரிக்காயில் சொத்தை பார்த்துக்கொண்டிருந்த, மீசை வைத்த ஒரு பஸ் டிரைவர்.

அதற்குப் பிறகு அது வழக்கமாயிற்று. வங்கி வரிசையில் திரும்பிப் பார்த்தார்; காவலாளி. பஸ்ஸில் திரும்பிப் பார்த்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மொத்தமும். பூங்கா பெஞ்சில் திரும்பிப் பார்த்தார்; யாரும் இல்லை, மைனா.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"முன்னெல்லாம் உலகத்துல ஒருத்திதான் அப்படிப் பாடுவா" என்றார். "எங்கே கேட்டாலும் அவதான்னு தெரியும். இப்ப ஊரே பாடுது. இனிமே அவளே என் பின்னாடி வந்து நின்னு பாடினாலும் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன், அக்கா."

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த அக்கா பேனாவை மூடினாள்.

"ஒண்ணு கேக்கறேன். அவ தப்பாப் பாடறது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ மெஷின் அப்படிப் பாடினா அவளுக்கு எப்படி இருக்கும்? சரியாப் பாடற மாதிரி இருக்கும். சரியாப் பாடற மெஷினைப் பத்தி எவடா என்ன நினைப்பா? துணியை எடுத்துக் காயப்போட்டுட்டுப் போவா."

அரைப்புள்ளி வாயைத் திறந்தார். அதில் ஒரு கருத்தும் இல்லை. அது அவர் வாழ்க்கையில் முதல் தடவை.

"அவளுக்கு என்ன பழக்கம்? தப்பைப் பார்த்தா விட மாட்டா, இல்லையா?" என்றாள் அக்கா. "நீ அவளுக்கு ஒரு தப்பைக் குடு. அவளுக்கு மட்டும் தப்பாத் தெரியற ஒரு தப்பை."

மறுநாள் ஆபீசில், அப்டேட்களைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர் முன்னால் போய் நின்றார். வயசில் சின்னவர், அரைப்புள்ளி வருவதைப் பார்த்தாலே மேசையில் இருக்கிற கைக்கடிகாரத்தை இழுப்பறைக்குள் போட்டுவிடுவார்.

"அந்த மெட்டை மாத்தணும்னு சொல்லிட்டிருந்தீங்களே" என்றார் அரைப்புள்ளி.

"சார், நான் ஒண்ணும் சொல்லலை. நீங்க டிசைன்னு சொன்னப்புறம் நான் அந்தப் பக்கமே வரலை. இசை வாத்தியார்கள் சங்கத்துலேர்ந்து வந்து ஆபீஸ் வாசல்ல உக்காந்திருக்காங்க, அவங்களைத்தான் சமாளிச்சிட்டிருக்கேன்."

"எழுந்து போகச் சொல்லுங்க. நாலாவது சுரத்தைச் சரி பண்ணி, நானே அப்டேட் எழுதித் தரேன்."

மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சார், வீட்டுல எல்லாம் நல்லாத்தானே இருக்காங்க? டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

"எழுதறதுக்கு முன்னாடி மனசு மாறிடப் போகுது. கையெழுத்தைப் போடுங்க."

தன் வாழ்நாளில் அரைப்புள்ளி எழுதிய ஒரே அப்டேட் அதுதான். ஒரே ஓர் எண்ணை மாற்றினால் போதும். அந்த எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அழித்தால் ஊரிலுள்ள அத்தனை வீட்டிலும் அவள் இருக்க மாட்டாள். அழிக்காவிட்டால் அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியப்போவதில்லை. அனுப்பவா, வேண்டாமா என்று திரை கேட்டது. பதில் வருகிற வரைக்கும் நின்றது. ஆம் என்று அழுத்தினார். பொத்தான் உள்ளே போய்த் திரும்பி வந்தது.

மெஷின்கள் அன்றே திருந்தின. கொஞ்ச நாளில் முடி வெட்டுகிறவர் திருந்தினார், காதுகள் பிழைத்தன. மைனாக்களுக்கு அப்டேட் போகாது என்பதால் அவை மட்டும் பழையபடி பாடிக்கொண்டிருந்தன. யாரும் கூடப் பாடாததால் அவற்றுக்கும் வெட்கமாகிவிட்டது போலும், ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டன. கடைசியில் ஒரே ஒரு மைனா மிஞ்சியது. அது அவருடைய ஆபீஸ் ஜன்னலுக்கு வரும். அரைப்புள்ளி தன் சாப்பாட்டில் பாதியை அதற்கு வைப்பார். அது நாலாவது சுரத்தில் வழுக்கும்போது, நைந்த வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார். ஒருநாள் அதுவும் வந்து உட்கார்ந்து, ஒரு தப்பும் இல்லாமல் பாடிவிட்டுப் பறந்து போயிற்று.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. ஊரெல்லாம் சுத்தமாக, சரியாக, லிஃப்ட் மாதிரிப் பாடிக்கொண்டிருந்தது. அவர் செய்த வேலையிலேயே குறையில்லாத வேலை அதுதான் என்று கம்பெனி பாராட்டியது. அந்தப் பாராட்டைப் பற்றி மட்டும் அவர் கருத்து எதுவும் சொல்லவில்லை.

பிறகு ஒரு போன் வந்தது. தூரத்து ஊரிலிருந்து வாஷிங் மெஷின் பழுதுபார்க்கிற மெக்கானிக்.

"சார், அந்த மெட்டை எழுதினது நீங்கதானா? இங்க ஒரு அம்மா என்னைப் போட்டு வறுத்தெடுக்கறாங்க. இவ்வளவு வருஷம் சரியாப் பாடின மெஷின், இப்ப நாலாவது இடத்துல தப்பாப் பாடுதாம். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன். இப்பத்தாம்மா சரி பண்ணிருக்காங்கன்னு. காதுலயே வாங்க மாட்டேங்கறாங்க. என் சட்டைப் பொத்தான் வேற மாறிப் போட்டிருக்குன்னாங்க சார்."

அரைப்புள்ளி போனை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எங்க மெஷின்ல சரியாத்தான் ஓடுதும்மான்னு சொன்னேன். அதுக்கு அவங்க, 'அப்போ எழுதினவரை நேர்ல வரச் சொல்லுங்க, நடத்திக் காட்டறேன்'ங்கறாங்க."

அக்கா சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். "கருத்து சொல்லாம வா" என்று மட்டும் சொன்னாள்.

ரயிலில் போனார். ஒரு சின்ன மாடி வீடு. கொடியில் துணிகள் நிறம் பிரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. வாசலில் கேமராவும் இல்லை, பேசுகிற மணியும் இல்லை. ஒரு பழைய பொத்தான். அழுத்தினார். உள்ளே போனது. விரலை எடுத்தார். திரும்பி வந்தது.

யாரும் வரவில்லை. அவர் ஒருகாலத்தில் நாலே வரியில் எழுதிய கெடு இந்நேரம் தீர்ந்து, கதவு 'இல்லை' என்று எடுத்துக்கொண்டிருக்கும். அரைப்புள்ளி நின்றார். அவருக்கு நன்றாகத் தெரிந்த வேலை அதுதான். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இருக்காங்க சார், கண்ணாடியைத் தேடுவாங்க" என்றார். அதற்குப் பிறகும் நின்றார்.

கதவு திறந்தது. தலை நரைத்திருந்தது. கண்ணாடி இன்னும் தடித்திருந்தது.

"மெஷின் விஷயமா?" என்றாள்.

"மெஷின் விஷயந்தான். நாலாவது சுரம்னு சொன்னாங்க." இஸ்திரி போட்ட சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "என் மேசையில சரியாத்தான் ஓடுது."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். புடவை முனையில் துடைத்தாள். மாட்டிக்கொண்டு பார்த்தாள், மெஷின் இருக்கிற பக்கம் இல்லை. பிறகு, வாசலில் நின்றபடியே, அதை முணுமுணுத்துக் காட்டினாள். நாலாவது படியில் கால் வழுக்கியது; கைப்பிடியைப் பிடித்தாள்; ஒன்றுமே நடக்காத மாதிரி மேலே நடந்தாள்.

"இப்படி வரணும்" என்றாள். "இது தப்பா, டிசைனா?"

"டிசைன்."



"வரேன்னு சொன்னீங்களே" என்றார் அரைப்புள்ளி.

"சொன்னேன். நீங்கதான் கெடு வெச்சு மூடிட்டீங்களே."

"எடுத்துட்டேன்."

"எப்போ?"

"அக்கா சொன்னப்போ."

பூதக்கண்ணாடி சிரித்தாள். கதவை முழுசாகத் திறந்து, உள்ளே போய், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அந்தக் கம்பெனி செய்த எந்த வாஷிங் மெஷினிலும் ஒலிபெருக்கி கிடையாது. துவைத்து முடிந்தால் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரியும். எழுதுகிறவனுக்கு இப்போது ஒரு பல் லேசாக ஆடுகிறது.